மலைப் பைக்குள் மஞ்சள் பெட்டி

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, இந்த ஊர்வம்பு என்று கேட்கிறேன். என் மகள் மலைக்குப் போனாளா, போகாமல் திரும்பினாளா, பெட்டி பழுதா, பெட்டியைத் தொட்டவள் பழுதா என்று மாடிப்படியில் மறித்து மறித்துக் கேட்கிறீர்கள். உங்கள் வீட்டு அடுப்பில் ஒன்றும் அடிப்பிடிக்கவில்லையா? சரி, கேட்டுவிட்டீர்கள், சொல்லுகிறேன். ஆனால் சிரிக்கிறவர்கள் எழும்பிப் போய்விடுங்கள். இதில் சிரிக்கிற உரிமை எனக்கு மட்டும்தான். வெட்கப்பட்டவளும் நான்தானே.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அதிலும் நாலாம் வகுப்பில் இரண்டு வருடம் இருந்தேன், யன்னலோரத்து வாங்குப் பலகை பிடித்திருந்தது. சுவிசுக்கு வந்து இருபது வருடம் அலுவலகங்களைத் துடைத்தேன். இப்போது ஷ்லீரனில் மகளோடு இருக்கிறேன். அவள் ஆஸ்பத்திரியில் தாதி. பதினொரு வருடமாக ஒரே வாட்டில் வேலை. அந்தப் பதினொரு வருடமும் பனிக்காலத்துத் திங்கட்கிழமைகளில் கூட வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு மேசையில் மலைக்கதைதான் கதைப்பார்களாம். எந்த உச்சி, எவ்வளவு பனி, யார் விழுந்தது, யார் சிரித்தது. இவள் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டபடி இருப்பாளாம். ஒருத்தரும் நீ வருகிறாயா என்று கேட்டதில்லை. எனக்கு அப்போதே ஆத்திரம். சோற்றில் கத்தரிக்காய்ப் பொரியல் வாசம் பிடித்துக் கொஞ்சம் தா என்று கேட்கத் தெரிந்த சனத்துக்கு, இதைக் கேட்க வாய் வரவில்லையா?

இந்தப் பனிக்காலத்தில்தான் கேட்டார்கள். கேட்டது, நோயாளிகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா. அறுபது வயதிருக்கும், கொடிக்கம்பம் மாதிரி உடம்பு. அவர்களின் மலைக்கூட்டத்துக்கு அவதான் தலைவி. அன்று மகள் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தாள். அப்படி அவள் ஒருநாளும் வந்ததில்லை.

"அம்மா, என்னையும் கேட்டிட்டினம்."

"முதல்ல சப்பாத்தக் கழட்டு. பிறகு சந்தோசப்படு."

இது லிஃப்டில் ஏறிச் சறுக்கி வருகிற ஸ்கீ இல்லை. ஸ்கீக்கு அடியில் மயிருள்ள ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு, பின்னுக்குச் சறுக்காமல் காலாலேயே மலை ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு இறங்க வேண்டும். மூன்று மணித்தியாலம் ஏறி அரை மணித்தியாலத்தில் இறங்குவதற்கு ஒரு விசரியின் பைத்தியம் போதாது, ஒரு கூட்டமே வேண்டும். அந்த மலைகளில் பனி சரிந்து ஆளை மூடும். ஆகையால் தலைவி ஒரு தாள் கொடுத்திருந்தா. அதில் எழுதியதில் ஒன்று குறைந்தாலும் அடிவாரத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவாவாம். அப்படித் திரும்பினால் இன்னொரு பதினொரு வருடம் கேட்க மாட்டார்கள் என்று மகளுக்குப் பயம். எனக்குப் பயம் வேறு. ஆனால் அதை நான் வாயால் சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னேன்.

சாமான் வாங்க மகனும் வந்தான். எங்கள் வீட்டில் கட்டில் வாங்கினாலும் கார் வாங்கினாலும் ஆம்பிளை ஒருத்தன் கூட நின்று தலையாட்ட வேண்டும். அவன் குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன். அதனால் பனியைப் பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறான்.

கடைக்குள் போனதும் அவன் முதலில் தூக்கியது ஒரு சிவப்பு ஜாக்கெற்.

"இது போட்டால் போட்டோவில எடுப்பா இருக்கும்."

"தாளில ஜாக்கெற் இல்லை அண்ணா. என்னட்ட இருக்கு."

"தாள் எழுதினவவுக்கு எங்கட நிறம் தெரியுமோ? சிவப்புத்தான் எங்களுக்கு எடுக்கும்."

அடுத்தது சப்பாத்து. கணுக்கால் மடங்கி ஏறவும் வேண்டும், இறங்கும்போது இறுகிப் பிடிக்கவும் வேண்டும். பெட்டி மாதிரி ஒரு சாமான். அவன் சொன்னான், ஒரு அளவு பெரிதாய் எடு, நாளைக்கு உனக்கொரு மகள் பிறந்தால் அவளும் போடலாம் என்று. தன் கல்யாணக் கோட்டையும் அவன் அப்படித்தான் வாங்கினான். இன்றுவரை அதற்குள் வளரவில்லை.

"இறங்கேக்க கால் உள்ளுக்க ஓடினால் நகம் கழண்டு போகும் அண்ணா."

"ரெண்டு காலுறை போடன்."

"டேய்," என்றேன் நான், "நீ உன்ர வாய்க்கு ரெண்டு காலுறை போடு."

அளவான சப்பாத்தைத்தான் எடுத்தோம். அதன் பிறகு பனி கிண்டுகிற சவள். பிளாஸ்ரிக்கில் ஒன்று, இரும்பு மாதிரி ஒன்று. இரண்டும் கழற்றிப் பூட்டுகிற பிடியோடு பைக்குள் அடங்கும். மகன் பாரம் குறைவு என்று பிளாஸ்ரிக்கைத் தூக்கினான். இருபது வருடம் துடைப்பக் கட்டை பிடித்த கைக்கு, ஒரு சாமான் வேலைக்கா வடிவுக்கா என்று பிடித்தவுடன் தெரியும். நான் அதை வாங்கி முழங்காலில் வைத்து அழுத்தினேன். வளைந்தது. கடைக்கார அம்மா ஓடி வந்தா, நான் உடைத்துவிடுவேன் என்று. பிறகு பார்த்துவிட்டு அவவும் தலையாட்டினா. சரிந்து விழுந்த பனி சீமெந்து மாதிரி இறுகிவிடும், கிழவி சொல்வது சரி என்றா. கிழவி என்றதை மன்னித்தேன், சரி என்றதற்காக.

பிறகு ஒரு நீட்டுத் தடி. குடைக்கம்பி மாதிரித் துண்டு துண்டாக மடிந்து கிடந்தது. அவ ஒரு நுனியைப் பிடித்து உதறினா, டக் டக்கென்று பூட்டி என்னைவிட இரண்டு மடங்கு உயரத்துக்கு நின்றது. எதற்கு என்று கேட்டேன். பனிக்குள் குத்திக் குத்திப் பார்த்து ஆள் எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க என்றா. மீன்கடைக்காரி மீனைக் காட்டுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டே சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் பற்றியது.

"பிணம் தேடுற தடிய என்ர பிள்ளையின்ர பையில வைக்கிறியளோ!" என்று தமிழிலேயே கத்தினேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"அம்மா, உயிரோட இருக்கிற ஆக்களத் தேடத்தான். இதில்லாமல் ஒருத்தரும் போறதில்லை."

"அப்ப ஏன் போறியள்?"

மகள் தடியை மடித்துக் கூடைக்குள் வைத்தாள்.

கடைசியாகத்தான் அந்த மஞ்சள் பெட்டி. உள்ளங்கையளவு, வாரோடு, நெஞ்சில் கட்டுவதற்கு. மலையில் நிற்கும்வரை அது சத்தமில்லாமல் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். ஒருத்தர் பனிக்குள் போனால் மற்றவர்கள் தங்கள் பெட்டியைக் கேட்கிற பக்கம் மாற்றிக்கொண்டு அந்தக் குரலைப் பின்தொடர்ந்து போவார்களாம். கடைக்கார அம்மா பின்மூடியைத் திறந்து மூன்று மெல்லிய பற்றரிகளைப் போட்டுக் காட்டினா. நூறு என்று காட்டியது. அதையும் நான் கண்ணால் பார்த்தேன். இதை ஞாபகம் வைத்திருங்கள்.

தாளில் கடைசி வரி, மாற்றுப் பற்றரி. நான்தான் ஒரு பக்கெற்றை எடுத்துக் கூடைக்குள் போட்டேன். மகன் அதைத் தூக்கித் திரும்பக் கொக்கியில் கொளுவினான்.

"புதுப் பெட்டிக்குப் புதுப் பற்றரி போட்டுத்தானே தந்தவை. பிறகென்னத்துக்கு?"

நான் போட்டதைக் கண்டு தாளின் கடைசி வரிக்கும் கோடு போட்டுவிட்டு, மகள் சப்பாத்துப் பெட்டியோடு முன்னால் போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். தடிக்குக் கத்தியவள் இதற்கு வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சனி விடியத்தான் பயணம். வியாழனே மகள் எல்லாவற்றையும் பார்த்துப் பையில் அடுக்கி, பையைச் சாமித்தட்டுக்குக் கீழே வைத்திருந்தாள். எங்கள் சாமித்தட்டில் எண்ணெய் விளக்கு இல்லை. ஒருமுறை திரைச்சீலை பொசுங்கிய பிறகு மகன் பற்றரி விளக்கு வாங்கித் தந்தான். மூன்று திரி எரிவதுபோல மினுக்கும். மூன்று பற்றரி. அன்று பின்னேரம் நான் முழுகி, திருநீறு பூசி, விளக்கைத் தட்டினேன். செத்துக்கொண்டிருக்கிற மின்மினி மாதிரி ஒருமுறை மினுங்கியது, பிறகு மங்கியது. இழுப்பறைக்குள் தேடினேன். ஒன்றும் இல்லை. மகள் வேலையில். பிள்ளை மலைக்குப் போகிற முதல்நாள் சாமிக்கு விளக்கில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஓம், ஓம், கடைக்குப் போவீர்கள். உங்களுக்கு முழங்கால் நல்லம்.

பையின் வாயில் மஞ்சள் பெட்டி தெரிந்தது.

மூன்றையும் எடுத்து விளக்கில் போட்டேன். கோயில் மாதிரி எரிந்தது. வந்ததும் மகளிடம் சொல்லிவிடலாம், காலமை ஸ்ரேசனில் புதுசு வாங்குவாள் என்று நினைத்தேன். பெட்டியின் மூடியைப் பூட்டப் போனேன். உள்ளே மூன்று குழி வெறுமையாய்க் கிடந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. எங்கள் சனத்தில் இரவல் வாங்கிய ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. கறி வாங்கிய சட்டியில் இரண்டு வாழைப்பழமாவது, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். என் அம்மா கொடுத்தா, நான் கொடுக்கிறேன். யோசிக்கவேயில்லை, கை தானாகவே செய்தது. விளக்கிலிருந்து எடுத்த பழைய பற்றரி மூன்றையும் பெட்டிக்குள் போட்டு, மூடியைப் பூட்டி, துடைத்தும் வைத்தேன்.

மகள் வந்தாள், சாப்பிட்டாள், நேரத்தோடு படுத்துவிட்டாள். நான் வின்டர்தூரில் இருக்கிற என் தங்கையோடு ரெலிபோனில் அவள் சம்பந்திக்காரரின் குறைகளைக் கதைத்துக்கொண்டிருந்தேன். நல்ல சுவையான குறைகள். பற்றரி மறந்தே போய்விட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. இரவல் ஸ்கீயைச் சுவரில் சாத்திவிட்டு மகள் நின்றாள். முகத்தில் வெயிலும் இல்லை, பனியும் இல்லை.

"என்ன பிள்ளை, மலை பூட்டோ?" என்றேன். பகிடி விட்டேன், பாருங்கள். அந்த நேரத்தில் எனக்குப் பகிடி.

அவள் பெட்டியின் பின்மூடியைத் திறந்து மேசையில் கவிழ்த்தாள். மூன்று பற்றரியும் உருண்டன. ஒன்றில் விபூதி ஒட்டியிருந்தது.

"ஆர் போட்டது?"

நான் விபூதியைப் பார்த்தேன். விபூதி என்னைப் பார்த்தது.

ஏறத் தொடங்குவதற்கு முன் தலைவி ஒவ்வொருத்தர் பெட்டியையும் வரிசையாகச் சோதிப்பாவாம். இவளுடையதில் இருபதுகூட இல்லை. மாற்றுப் பற்றரி எங்கே என்று கேட்டாவாம், இல்லை. தலைவியிடமும் மற்றவர்களிடமும் இருந்தது வேறு பெட்டிக்குரிய தடித்த பற்றரி. வெயில் ஏறினால் பனி இளகும் என்று அவர்கள் காத்திருக்க முடியாது. ஆறு பேரும் ஏறிப் போக, இவள் பஸ் தரிப்பிடத்தில் நின்று அவர்கள் எறும்பு மாதிரிச் சின்னதாகும்வரை பார்த்தாளாம்.

"நீங்கள் வெறுமையா விட்டிருந்தால் காலமை அமத்தேக்கயே வெளிச்சம் வரேல்லை எண்டு தெரிஞ்சிருக்கும். ஸ்ரேசனில வாங்கியிருப்பன். பழசப் போட்டபடியாத்தான் வெளிச்சம் வந்தது. நான் வெளிச்சத்த மட்டும் பாத்திட்டு வெளிக்கிட்டிட்டன்."

"வெறுமையா வைக்கக் கூடாதெல்லோ பிள்ளை..."

"அம்மா, அவ பாக்காமல் விட்டிருந்தால்? பனிக்குள்ள நான் போயிருந்தால் என்னைக் கண்டுபிடிக்கேலாது. வேற ஆள் போயிருந்தால் என்னால தேடேலாது. அவையின்ர உயிரும் என்ர கையில இருந்தது."

நான் கத்தினேன். வேறு என்ன தெரியும் எனக்கு? பக்கெற்றைத் திரும்பக் கொளுவிய மகனைத் திட்டினேன். பெட்டிக்கு மேல் சாமிக்கு எடுக்காதே என்று எழுதி ஒட்டாத கடைக்காரியைத் திட்டினேன். விளக்கைத் திட்டினேன். அவள் கேட்டு முடித்துவிட்டுக் குளிக்கப் போனாள். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானமே, உங்களைப் போலவே, படியில் இரண்டு பேர் என்னை மறித்தார்கள். இரண்டாம் மாடி யாழ்ப்பாணத்துப் பிள்ளையும், மூன்றாம் மாடியில் கம்பியூட்டர் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பெண்ணும்.

"ஏன் ஆன்ட்டி, அக்கா அதுக்குள்ள வந்துட்டாங்க?"

எழுபத்து மூன்று வயதில் என்னை ஆன்ட்டி என்று அழைக்கிறவளிடம் உண்மையா சொல்ல முடியும்?

"கடைக்காரன் பழுதான பெட்டியத் தந்திட்டான்," என்றேன். கடைக்காரியைக் கடைக்காரனாகவும் ஆக்கிவிட்டேன். பொய் என்றால் முழுதாய் இருக்க வேண்டும்.

"எந்தக் கடைன்னு சொல்லுங்க ஆன்ட்டி. ஒரே ஒரு ஸ்டார் போட்டு ரிவியூ எழுதிடறேன்."

பெயர் மறந்துவிட்டது என்றேன். ஞாபகம் வரட்டும் என்றாள். ஒவ்வொரு முறை காணும்போதும் ஞாபகம் வந்ததா என்று கேட்டாள். நல்லவள், உதவி செய்யாமல் விடமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை நான் மூன்று பற்றரியையும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலைவியின் அறை எனக்குத் தெரியும். என் முழங்காலை மடக்கி நீட்டி என்னை அழப்பண்ணியதும் அந்த அம்மாதான். முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தேன். இங்கத்தைய ஜெர்மனை நாங்கள் டொச் என்போம், நான் பேசுவது துடைக்கிற டொச். வாளி, நிலம், முடிந்தது, நாளை வருகிறேன். அதற்குள்தான் இதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"இது நான். மகள் இல்லை. நான் எடுத்தது, நான் போட்டது. மகள் நல்ல வேலை. நான் ஊத்தை வேலை."

அவ பற்றரியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. பிறகு மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னா. உன் மகள் திங்கட்கிழமையே என்னிடம் வந்தாள், காலையில் பெட்டி காட்டுகிற எண்ணைப் பார்க்கவில்லை, பிழை என்னுடையது என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லவில்லையா? என்னைப் பற்றி?"

இல்லை. நெஞ்சில் கட்டுகிறவர்தான் பார்க்க வேண்டும், அவள் சொன்னது சரிதான் என்றா. பிழையை ஒத்துக்கொள்கிறவளோடு மலைக்குப் போகலாம், அடுத்த சனிக்கு அடுத்த சனி வருகிறாள் என்றா.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நான் ஊரெல்லாம் பழியைப் பங்குபோட்டுத் திரிய, அவள் என்னுடைய பங்கையும் தன் தலையில் போட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்கே சோறு போட்டுத் தருகிறாள். பஸ்ஸில் முழு வழியும் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரர் எழும்பி வேறு இடத்தில் போய் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"ஏன் என்ர பேரச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்ன? என்ர அம்மா சாமி விளக்குக்குக் கழட்டினவ எண்டு வாட்டில ஒரு பனிக்காலம் முழுக்கச் சிரிச்சிருப்பினம்."

"சிரிக்கட்டுமன். நானும் சேந்து சிரிச்சிருப்பன்."

"எனக்குச் சிரிப்பு வரேல்லை அம்மா," என்றாள்.

அடுத்த சனிக்கு அடுத்த சனி அவள் போனாள். முதல்நாள் பையைத் தன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். நான் பார்க்காத மாதிரிப் பார்த்தேன். திறப்புப் போட்டுப் பூட்டவில்லை, சாத்தினாள், அவ்வளவுதான். விடிய, படியில் நின்று பெட்டியை அமத்தி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நூறு. மாற்றுப் பற்றரி பக்கெற்றையும் காட்டினாள். அன்றைக்கு விளக்குக் கொளுத்தவில்லை நான். சாமியும் ஒருநாள் இருட்டில் இருந்து பார்க்கட்டும். ரெலிபோனை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தரோடும் கதைக்காமல் இருந்தேன். பின்னேரம் நாலு மணிக்கு வந்தாள். மூக்கு நுனி வெந்து தக்காளி மாதிரி இருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்தாள். நான் முதலில் சோறு போட்டேன். பிறகு நிலத்தைத் துடைத்தேன்.

அடுத்த செவ்வாய் எங்கள் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கிற நாள். நிலவறையில் இருக்கிற தோய்க்கிற அறைக்கு நான் கூடையோடு போனபோது, மூன்றாம் மாடிப் பெண் தான் மறந்துவிட்டுப் போன காலுறையைத் தேடிக்கொண்டு நின்றாள்.

"ஆன்ட்டி, கடை பேரு ஞாபகம் வந்துச்சா?"

"வந்திட்டுது. கடைக்குப் போடாதை பிள்ளை. எனக்குப் போடு. ஒரு நட்சத்திரம். அதுவும் எனக்குக் கூடிப்போச்சு." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், விளக்கிலிருந்து விபூதி வரை. அவள் காலுறையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, அல்லது நன்றாக மறைத்தாள்.

அப்போது இரண்டாம் மாடிப் பிள்ளை வந்தா. போன கிழமை நான் குழம்பு கொடுத்துவிட்ட சட்டி அவவின் கையில். மூடியைத் திறந்தேன். உள்ளே ஆறு கடலை வடை, சுடச்சுட. எனக்குத் தலைக்கு ஏறியது.

"இனிமேல் என்ர சட்டிய வெறுமையாத் தாங்கோ! ஒண்டும் போட வேண்டாம்! இந்தக் கட்டடம் முழுக்கச் சொல்லிப்போடுங்கோ. வெறுஞ்சட்டி எண்டால் வெறுஞ்சட்டி!"

"அது கூடாதெல்லோ ஆச்சி?"

"கூடாது எண்டுதான் நானும் மூண்டு பற்றரி போட்டனான்!"

அவ ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தா. பிறகு, பயந்தோ மரியாதைக்கோ தெரியாது, ஆறு வடையையும் முந்தானையில் எடுத்துப்போட்டுக்கொண்டு, வெறுஞ்சட்டியை என் கையில் தந்துவிட்டுப் படியேறத் தொடங்கினா. வாசம் அவவோடேயே போனது. நான் சட்டியோடு படியடிக்கு ஓடினேன், நோகிற முழங்காலோடுதான்.

"நில்லும் பிள்ளை! வாற கிழமையிலயிருந்து எண்டுதான் நான் சொன்னனான்!"